திரும்பப் பெறவும் கட்டணம் கேட்கும் ஆய்விதழ்

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையின் உதவிப் பேராசிரியர். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் நரம்புகள் பாதிக்கப்படுவது பற்றி என் முதுநிலை மாணவருடன் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தேன். மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பிய ஒரு சர்வதேச ஆய்விதழுக்கு அந்தக் கட்டுரையை அனுப்பினேன். நான்காவது நாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. கூடவே 24,000 ரூபாய்க்கு இன்வாய்ஸும் பதிப்புரிமை மாற்றுப் படிவமும் வந்தன. கட்டணம் பற்றி அதுவரை யாரும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். மதிப்பாய்வு முடிந்துவிட்டதால் திரும்பப் பெற 300 டாலர் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கல்லூரி முதல்வருக்குப் புகார் அனுப்புவோம் என்கிறார்கள். அந்த இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இம்பாக்ட் ஃபேக்டரும் இருக்கின்றன; ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்கள் இருக்கின்றன; பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் இருப்பதாகவும் போட்டிருக்கிறார்கள். என் துறைத் தலைவர், "எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாரம்மா" என்கிறார். இது போலி இதழா? இதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். 24,000 ரூபாயையும் கட்டாதீர்கள், 300 டாலரையும் கட்டாதீர்கள். பதிப்புரிமை மாற்றுப் படிவத்தில் நீங்களோ உங்கள் மாணவரோ கையெழுத்திட வேண்டாம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மின்னஞ்சலை இன்றே, கீழே சொல்லும் முறையில் அனுப்புங்கள். நீங்கள் இன்னும் எதிலும் கையெழுத்திடவில்லை, பணமும் கொடுக்கவில்லை என்பதால் கட்டுரை உங்கள் கையைவிட்டுப் போகவில்லை. அதைக் காப்பாற்றி நல்ல இதழில் வெளியிட முடியும் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் இணைத்து அனுப்பிய கடிதங்களை வரிவரியாகப் படித்தேன். ஆய்வுலகில் பிரிடேட்டரி ஜர்னல் என்று சொல்லப்படும் போலி ஆய்விதழின் வேலை இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அழைப்புக் கடிதம் உங்களை உலகப் புகழ் பெற்ற அறிஞர் என்று வணங்கிவிட்டு, அடுத்த வரியிலேயே பல் மருத்துவம், வேளாண்மை, மேலாண்மை, செவிலியர் கல்வி ஆகிய துறைகளிலிருந்தும் கட்டுரைகளை வரவேற்கிறது. இத்தனை துறைகளையும் மதிப்பிடத் தகுதியுள்ள ஆசிரியர் குழு எளிதில் அமைவதில்லை. ஏற்புக் கடிதத்தோடு வந்திருக்கும் இரண்டு மதிப்பாய்வு அறிக்கைகளில் ஒன்று "கட்டுரை மிகச் சிறப்பு, ஏற்கலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. மற்றொன்று மேற்கோள் பட்டியலின் வடிவத்தை மட்டும் திருத்தச் சொல்கிறது. கட்டுரையை நானும் படித்தேன். நரம்புப் பாதிப்பை மோனோஃபிலமென்ட் (பாதத்தில் தொட்டு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) கொண்டு மட்டும் கண்டறிந்தீர்களா, அதிர்வு உணர்வையும் சோதித்தீர்களா என்பது முறையியல் பகுதியில் தெளிவாக இல்லை. தாமாகவே நரம்பைப் பாதிக்கக்கூடிய வைட்டமின் பி12 குறைபாடோ மதுப்பழக்கமோ உள்ளவர்களை விலக்கினீர்களா என்பது எழுதப்படவேயில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களிடம் பி12 குறையக்கூடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த ஆய்வைக் கையிலெடுக்கும் எந்த மதிப்பாய்வாளரும் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான். அதைக் கேட்காதவர் உங்கள் கட்டுரையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

கடிதத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கட்டணம் கட்டியதும் கட்டுரை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, முத்திரையுடன் கூடிய "வெளியீட்டுச் சான்றிதழ்" அனுப்பிவைப்பதாக எழுதியிருக்கிறார்கள். உண்மையான ஆய்விதழ்கள் பெரும்பாலும் கட்டுரை ஆசிரியருக்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை. கட்டுரைதான் சான்று. பதவி உயர்வுக் கோப்பில் வண்ணக் காகிதமாக எதையாவது செருக வேண்டும் என்று நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இந்தச் சான்றிதழ் உருவாகியிருக்கிறது. அதைப் பார்த்தாலே வாடிக்கையாளர் யார் என்று புரிந்துவிடும்.

இப்போது ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுக்கு வருவோம். அது வண்டியின் நம்பர் பலகை போன்றது. எந்த வண்டி என்று சொல்லும், ஓட்டுபவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று சொல்லாது. தொடர்ந்து வெளிவரும் எந்த வெளியீட்டுக்கும், விண்ணப்பித்தால் அந்த எண் கிடைக்கும். தரத்தை யாரும் சோதிப்பதில்லை. டி.ஓ.ஐ. எண்ணும் அப்படித்தான்: கட்டுரை இணையத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. கூகுள் ஸ்காலர் ஒரு தேடுபொறி, இணையத்தில் ஆய்வுக் கட்டுரை வடிவில் இருப்பதையெல்லாம் அது திரட்டிக் காட்டும். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்வது இம்பாக்ட் ஃபேக்டர். அந்தப் பெயரில் ஆய்வுலகம் ஏற்றுக்கொள்ளும் எண்ணை ஒரே நிறுவனம்தான் வெளியிடுகிறது. கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் அது இருக்கும். உங்கள் இதழ் போட்டிருக்கும் எண்ணுக்கு முன்னால் "உலகளாவிய" என்ற அடைமொழி இருப்பதைக் கவனியுங்கள். இத்தகைய எண்களைப் பணம் வாங்கிக்கொண்டு வழங்குவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

பப்மெட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல ஆய்வாளர்களே தடுமாறும் இடம் அது. பப்மெட், மெட்லைன், பப்மெட் சென்ட்ரல் மூன்றையும் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம்தான் நடத்துகிறது, ஆனால் மூன்றும் ஒன்றல்ல. மெட்லைனில் ஓர் இதழ் இடம்பெற வேண்டுமானால் வல்லுநர் குழு அந்த இதழைப் படித்து மதிப்பிட்டிருக்க வேண்டும். பப்மெட் சென்ட்ரல் முழுக் கட்டுரைகளைச் சேமிக்கும் களஞ்சியம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் நிதி பெற்றவர்கள், எந்த இதழில் வெளியிட்டாலும், தங்கள் கட்டுரையை அங்கே கொடுத்தாக வேண்டும் என்ற விதி 2008 முதல் இருக்கிறது. பப்மெட் என்பது இந்த இரண்டையும் சேர்த்துத் தேடும் வாசல். ஆகவே நிதி பெற்ற ஆய்வாளர் ஒருவர் தவறிப்போய் ஒரு போலி இதழில் எழுதிவிட்டால், அந்த ஒரே ஒரு கட்டுரை களஞ்சியத்தின் வழியாகப் பப்மெட்டுக்குள் வந்துவிடும். அதைக் காட்டி இதழ் முழுவதும் பப்மெட்டில் இருப்பதாக விளம்பரம் செய்துகொள்வார்கள். தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ்ப் பட்டியலைத் திறந்து, ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கொடுத்து, தற்போது மெட்லைனில் சேர்க்கப்படுகிறது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. உங்கள் இதழுக்காக நான் பார்த்தேன், இல்லை.

இது உங்கள் பதவி உயர்வோடு நேரடியாகத் தொடர்புடையது. மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட கல்லூரி ஆசிரியர் தகுதி விதிமுறைகள், மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், எம்பேஸ், ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. போன்ற, இதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் தொகுப்புகளில் உள்ள இதழ்களை மட்டுமே கணக்கில் எடுத்தன; 2025இல் அவற்றின் இடத்தில் புதிய விதிமுறைகள் வந்தன. நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதை ஆணையத்தின் அறிவிப்பிலேயே படித்துக்கொள்ளுங்கள். துறையில் வாய்வழியாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் பழைய விதியாக இருக்கும். பழைய விதி என்று சொல்லக் காரணம் உண்டு. 2015இல், ஆணையத்துக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் பதவி உயர்வுக்கான கட்டுரைகள் பற்றி ஒரு விளக்கம் வெளியிட்டது. இணையத்தில் மட்டும் வரும் இதழ்களை அது ஒதுக்கியது. அதே வேளையில், போலி இதழ்த் தொழிலில் உள்ளவர்கள் பெருமையாகக் காட்டிக்கொள்ளும் இண்டெக்ஸ் கோப்பர்நிக்கஸ் என்ற பட்டியலை மெட்லைனுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது. இந்திய மருத்துவ இதழ் ஆசிரியர்கள் பலர் அப்போதே எதிர்த்து எழுதினார்கள். அச்சிட்டுத் தபாலில் அனுப்பினால் நல்ல இதழ், இணையத்தில் வந்தால் சந்தேகத்துக்குரியது என்று நினைத்த அந்த விதியால் அச்சுப் பிரதியும் தரும் போலி இதழ்களுக்குத்தான் கொண்டாட்டமாகிவிட்டது. உங்கள் துறைத் தலைவர் அந்தக் காலத்தில் பதவி உயர்வு பெற்றவராக இருக்கலாம். அவர் சொல்வது அவர் பார்த்த உலகத்துக்குப் பொருந்தும்.

"அப்படியானால் நல்ல இதழ்களின் பட்டியல் ஒன்றைக் கொடுங்கள், அதில் உள்ளவற்றுக்கு மட்டும் அனுப்புகிறேன்" என்று நீங்கள் கேட்கக்கூடும். பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுபவத்தைப் பாருங்கள். 2010இல் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வைக் கட்டுரை எண்ணிக்கையோடு பிணைத்துப் புள்ளி முறை கொண்டுவந்தார்கள். எண்ணிக்கை கேட்டவுடன் எண்ணிக்கை தருபவர்கள் முளைத்தார்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். அதிலேயே போலிகள் புகுந்துவிட, 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின் புனே சாவித்திரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் துணையோடு 2019இல் கேர் என்ற பட்டியலைக் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உயர்கல்வி நிறுவனங்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் பணிபுரியும் வாசகர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: "கேர் பட்டியலில் உள்ளது" என்று இன்று வரும் அழைப்பு மின்னஞ்சலுக்கு எந்த மதிப்பும் இல்லை.

கெட்டவற்றின் பட்டியலும் நிலைக்கவில்லை. இத்தகைய பதிப்பகங்களுக்குப் பிரிடேட்டரி என்ற பெயரைச் சூட்டியவர் ஜெஃப்ரி பீல், அமெரிக்காவின் கொலராடோ டென்வர் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர். அவர் பல ஆண்டுகள் தனியொருவராக நடத்திய பட்டியல் 2017 ஜனவரியில் திடீரென்று இணையத்திலிருந்து மறைந்தது. அதன் பிரதிகளைப் பெயர் சொல்லாதவர்கள் இன்றும் நடத்துகிறார்கள் என்றாலும், அதில் பெயர் இல்லை என்பதற்காக ஓர் இதழை நல்லதென்று கொள்ள முடியாது. மதிப்புள்ள பெயரும்கூடக் கெட்டுப்போகும். எகிப்தில் தொடங்கி வளர்ந்த ஹிந்தாவி பதிப்பகத்தை 2021இல் வைலி நிறுவனம் ஏறக்குறைய 30 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் இதழ்கள் பலவும் முக்கியத் தொகுப்புகள் எல்லாவற்றிலும் இருந்தன. சிறப்பிதழ் என்ற பெயரில், பணத்துக்குப் பொய்க் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கட்டுரை ஆலைகள் உள்ளே நுழைந்து, 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்தப் பெயரையே வைலி கைவிட்டது. எனவே பட்டியலைப் பார்ப்பது தொடக்கம்தான். அந்த இதழில் கடந்த ஆண்டு வந்த நான்கைந்து கட்டுரைகளை, உங்கள் துறை சார்ந்தவையாகப் பார்த்து, உட்கார்ந்து படியுங்கள். அட்டவணையில் உள்ள கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்கிறதா, கட்டுரை வந்த தேதிக்கும் ஏற்கப்பட்ட தேதிக்கும் இடையே எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மருத்துவர் அரைமணி நேரம் படித்தால் எந்தப் பட்டியலும் சொல்லாதது தெரிந்துவிடும்.

கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வாசகர்கள் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுகல் இதழ்கள் பலவும் கட்டுரை ஆசிரியரிடமிருந்தே செலவை ஈட்டுகின்றன. அவற்றில் மிகத் தரமானவையும் உண்டு. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் ஒரு சோதனை செய்தார். பாசிகளும் பூஞ்சைகளும் இணைந்து வாழும் லைக்கனிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று, வேதியியல் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் பிழை கண்டுபிடிக்கக்கூடிய ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்து, கட்டணம் வாங்கும் 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 இதழ்கள் மறுத்தன. ஏற்றவற்றில் பெயர் பெற்ற பெரிய பதிப்பகங்கள் நடத்திய இதழ்களும் இருந்தன. மறுத்தவற்றில் பிளாஸ் ஒன் இருந்தது. கட்டணம் வாங்கும் அந்த இதழ்தான் செல்களை எடுக்கப் பயன்படுத்திய விலங்குகளைக் கையாண்ட விதம் பற்றிய நெறிமுறை விவரங்கள் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. சந்தா இதழ்களுக்கும் அதே கட்டுரையை அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று அந்தச் சோதனையைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமானது. ஆனாலும் கட்டணத்தை வெளிப்படையாக, நீங்கள் கட்டுரை அனுப்பும் முன்பே, இணையதளத்தில் தெரிவித்திருக்கிறார்களா என்ற கேள்வி முக்கியம். உங்களுக்கு ஏற்புக் கடிதத்துக்குப் பிறகுதான் கட்டணமே தெரிந்திருக்கிறது.

ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்கள் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். போலந்து நாட்டு ஆய்வாளர்கள் சிலர் அன்னா சுஸ்ட் என்ற இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கி, தகுதியே இல்லாத தன்விவரக் குறிப்புடன், இதழாசிரியர் பொறுப்பு கேட்டு 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 2017இல் நேச்சர் இதழில் வெளியான அந்த முடிவின்படி 48 இதழ்கள் அவரை ஏற்றுக்கொண்டன. அந்த 48இல் 40 இதழ்கள் பீலின் பட்டியலில் இருந்தவை. ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் உள்ள இதழ் ஒன்றுகூட ஏற்கவில்லை. இல்லாதவரையே சேர்ப்பவர்கள், இருப்பவர்களின் பெயரைக் கேட்காமல் போட்டுக்கொள்வதற்குத் தயங்குவார்களா? உங்கள் இதழின் குழுவில் உள்ள ஒருவருக்கு, அவர் பணிபுரியும் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

இனி மிரட்டலுக்கு வருவோம். முதலில் கட்டணத்தை மறைத்தல், பிறகு கட்டுரையைப் பிடித்துவைத்தல் என்ற இந்த உத்தி உங்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற பதிப்பகத்தின் மீது வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே கட்டணத்தைச் சொல்கிறார்கள், திரும்பப் பெற விடுவதில்லை, அதனால் அந்த ஆய்வை வேறு இதழில் வெளியிட முடியாமல் போகிறது என்பன அந்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகள். 2019இல் நெவாடா மாநிலத்தில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் அந்தப் பதிப்பகமும் அதன் துணை நிறுவனங்களும் உரிமையாளரும் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்கு முன்பே, 2013இல், பப்மெட் சென்ட்ரலின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி அமெரிக்க அரசு அதற்கு எழுதியிருந்தது. உங்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் யாராக இருந்தாலும், இந்தப் பாடத்தைப் படித்துத் தேறியவர்கள் என்பது மட்டும் தெரிகிறது.

சட்டத்தில் உங்கள் நிலை வலுவானது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் கையொப்பத்துடன் எழுத்தில் இல்லாத பதிப்புரிமை மாற்றம் செல்லாது. நீங்கள் படிவத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே உரிமை உங்களிடமும் சக ஆசிரியர்களிடமுமே இருக்கிறது. மதிப்பாய்வு முடிந்ததால் கட்டணம் என்கிறார்கள். இரண்டு வரி அறிக்கைக்கு 300 டாலர் என்றால் அது உலகிலேயே விலை உயர்ந்த மதிப்பாய்வாகத்தான் இருக்கும். உண்மையான இதழ்களில் மதிப்பாய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காமலே அந்த வேலையைச் செய்கிறார்கள். மதிப்பாய்வு முடிந்தபின் காரணமில்லாமல் கட்டுரையைத் திரும்பப் பெறுவது நல்ல இதழ்களில் நாகரிகக் குறைவாகவே கருதப்படும் என்பது உண்மை. எங்களைப் போன்ற இதழாசிரியர்களுக்கு அது எரிச்சலூட்டும். அந்தக் கூச்சத்தை இங்கே வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மின்னஞ்சலில் கெஞ்சவும் வேண்டாம், சண்டையிடவும் வேண்டாம். கட்டுரையின் தலைப்பையும் அவர்கள் கொடுத்த எண்ணையும் குறிப்பிட்டு, இன்ன தேதியில் முதல் முறை திரும்பப் பெறுவதாக எழுதினோம், கட்டணம் முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை, பதிப்புரிமையை நாங்கள் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை, வெளியிட எங்கள் ஒப்புதல் இல்லை, இதையும் மீறி வெளியிட்டால் அது பதிப்புரிமை மீறல், 15 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிசெய்யுங்கள் என்று எழுதுங்கள். கட்டுரை ஆசிரியர்கள் எல்லோரின் பெயரிலும், எல்லோருக்கும் நகல் போகும்படி அனுப்புங்கள். அதற்குப் பிறகு வரும் அழைப்புகளுக்குத் தொலைபேசியில் பேசாதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கல்லூரி முதல்வருக்கு அவர்கள் எழுதும் முன்பு நீங்களே ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதிக் கடிதங்களின் நகலோடு கொடுத்துவிடுங்கள். அத்துடன் அந்த மிரட்டலுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

பதில் வராமலே போகலாம், அதுதான் அதிகம் நடப்பது. 15 நாள் கழித்து நீங்கள் வேறு இதழுக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களிடம் ஒரு கட்டுரை இருக்கக் கூடாது என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறி. திரும்பப் பெற்ற பிறகே அனுப்புகிறீர்கள் என்பதால் நீங்கள் அதை மீறவில்லை. ஆனால் புதிய இதழின் ஆசிரியருக்கு எழுதும் முகப்புக் கடிதத்தில் நடந்ததை மறைக்காமல் நான்கு வரியில் சொல்லி, மின்னஞ்சல் நகல்களை இணையுங்கள். மறைத்து, பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்தால் இரட்டை வெளியீடு என்ற பழி உங்கள் மீது விழும். முன்கூட்டியே சொன்னால் எந்த நல்ல இதழாசிரியரும் புரிந்துகொள்வார். இத்தகைய கடிதங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. ஒருவேளை போலி இதழ் உங்கள் கட்டுரையைப் பணம் வாங்காமலேயே வெளியிட்டுவிட்டால், தேதியுடன் திரைப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இணையதளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்திடம் பதிப்புரிமை மீறல் என்று புகார் கொடுத்து நீக்கச் சொல்லலாம். அது அமெரிக்க நிறுவனமாக இருந்தால் அந்த நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

"கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்" என்ற யோசனை ஏன் பலிக்காது என்பதற்கு விதிகளைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. கனடாவின் டேவிட் மோஹர் குழுவினர் போலி எனச் சந்தேகிக்கப்பட்ட 200க்கும் மேற்பட்ட உயிர் மருத்துவ இதழ்களிலிருந்து 1,907 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்து 2017இல் நேச்சரில் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகளில் இடம்பெற்ற மனிதர்களின் எண்ணிக்கை மட்டும் 20 லட்சத்துக்கு மேல். விலங்குகள் 8,000க்கு மேல். கட்டுரைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இந்தியாவிலிருந்து வந்தவை. உங்கள் புறநோயாளிகள் பிரிவில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீட்டி உட்கார்ந்தவர்கள், ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்தபோது, இது பிற்காலத்தில் தங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் வைத்தார்கள். தென்னிந்திய சர்க்கரை நோயாளிகளின் நரம்புப் பாதிப்பு பற்றி நாளை யாராவது எல்லா ஆய்வுகளையும் திரட்டி ஆராயும்போது மெட்லைனிலும் எம்பேஸிலும்தான் தேடுவார்கள். உங்கள் ஆய்வு அங்கே இல்லையென்றால் அவர்களைப் பொறுத்தவரை அந்த நோயாளிகள் இல்லை.

அடுத்து எங்கே அனுப்புவது? முதலில் மேலே சொன்ன பி12 கேள்விக்குப் பதில் தேடுங்கள். மருத்துவப் பதிவேடுகளில் விவரம் இருந்தால் சேர்த்து மறுபகுப்பாய்வு செய்யுங்கள், இல்லையென்றால் அதை ஆய்வின் குறைபாடு என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒரே மருத்துவமனையில் நடந்த குறுக்குவெட்டு ஆய்வு (நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்காமல் ஒருமுறை மட்டும் சோதிக்கும் ஆய்வு) என்பதால் மிகப் பெரிய சர்வதேச இதழ்களில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 1913 முதல் வெளிவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ், பொது மருத்துவ நிபுணர்களின் சங்கமான அசோசியேஷன் ஆஃப் பிசிஷியன்ஸ் ஆஃப் இந்தியாவின் இதழான ஜாப்பி, சர்க்கரை நோய் சார்ந்த இந்தியச் சிறப்பு இதழ்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக முயலுங்கள். கட்டணம், தொகுப்புகளில் உள்ள நிலை இரண்டையும் அனுப்பும் நாளன்று மறுபடி சரிபாருங்கள். ஸ்கோபஸில் இருந்து நீக்கப்பட்ட இதழ்களும் அந்த முத்திரையை எடுக்காமல் வைத்திருக்கும். ஸ்கோபஸின் இலவசப் பட்டியலில் எந்த ஆண்டுவரை சேர்க்கப்பட்டது என்பது தெரியும். இதழின் இணைய முகவரியையும் அந்தப் பட்டியலிலிருந்தே எடுங்கள். நல்ல இதழ்களின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் திருடி அதே தோற்றத்தில் வேறு தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கடத்தப்பட்ட இதழ்களை, திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் இணையதளமான ரிட்ராக்‌ஷன் வாட்ச் தொகுத்து வைத்திருக்கிறது.

முதல் முடிவு வர மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், மறுப்பும் வரலாம். மறுப்போடு வரும் மதிப்பாய்வு அறிக்கையை உங்கள் மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதச் சொல்லி, திருத்திய பிறகே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். தேர்வுக்கு முன் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசரம் மாணவருக்கு இருந்தால், அவர் சேர்ந்த ஆண்டுக்குரிய பல்கலைக்கழகக் கையேட்டைப் பாருங்கள். பழைய மருத்துவக் கவுன்சிலின் முதுநிலைக் கல்வி விதிமுறையே, கட்டுரை வெளியாகியிருக்கலாம், ஏற்கப்பட்டிருக்கலாம் அல்லது வெளியீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கலாம் என்றுதான் சொன்னது. அனுப்பியதற்கு நல்ல இதழ் தரும் ஒப்புகை மின்னஞ்சலை ஏற்றுக்கொள்வார்களா என்று துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.